கதை வாயில் இருக்கிறது, கொப்பிக்கு வர மாட்டேன் என்கிறது

கேள்வி இது. முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பாடசாலைக்கு முதல் நியமனத்தில் போயிருக்கும் தமிழ் ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "தரம் 7க்கும் 8க்கும் படிப்பிக்கிறேன். கதை எழுதச் சொன்னால் பாதிப் பேர் நீதிக்கதை ஒன்றைப் பெயர் மாற்றி எழுதுகிறார்கள். மற்றப் பாதி கட்டுரை எழுதுகிறது. இரண்டு மூன்று பேர் வெறும் கொப்பியை நீட்டுகிறார்கள். கற்பனையே இல்லாத பிள்ளைகளுக்கு ஆக்கக்கதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?"

ரீச்சர், அந்தக் கடைசி வரியை முதலில் அழித்துவிடுவோம். துணுக்காய், முல்லைத்தீவு, வவுனியா வடக்கு என்று மூன்று கல்வி வலயங்களில் மாறி மாறி 26 வருடம் தமிழ் படிப்பித்தவன் நான். கற்பனை இல்லாத பிள்ளை ஒன்றை இன்னும் காணவில்லை. இடைவேளைக்குத் தண்ணீர்க் குழாயடியில் நின்று காது கொடுத்துப் பாருங்கள். நேற்று இரவு அப்பப்பா வரம்பில் பாம்பை மிதித்த கதையை ஒருத்தன் சொல்லிக்கொண்டிருப்பான். அப்பப்பா துள்ளின துள்ளலை நடித்துக் காட்டுவான். சொல்லச் சொல்லப் பாம்பு நீளும். சுற்றி நிற்கிற நாலு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். மணி அடித்ததும் அதே பெடியன் உள்ளே வந்து, கொப்பியை விரித்து, "பாம்பு ஊர்வன இனத்தைச் சேர்ந்த ஒரு பிராணியாகும்" என்று எழுதுவான்.

குழாயடிக்கும் மேசைக்கும் இடையில் இருபது யார் தூரம் இருக்குமா? அதற்குள் அவனுக்கு என்ன நடந்தது?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நடந்தது, வேறொன்றும் இல்லை. தரம் 4, 5 இரண்டு வருடமும் மாதிரி வினாத்தாள் செய்து செய்து, தாளில் எழுதுகிற தமிழ் வேறு, வாயில் இருக்கிற தமிழ் வேறு என்று பிள்ளை உறுதியாக நம்பிவிடுகிறது. தாளில் யாரும் போவதில்லை, எல்லாரும் செல்கிறார்கள். யாரும் சந்தோசப்படுவதில்லை, மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறார்கள். சூரியன் தன் பொற்கதிர்களைப் பரப்பாமல் எழும்பவே மாட்டான். இதைச் சொல்லிக்கொடுத்ததும் நாங்கள்தான், பிறகு பிள்ளைக்குக் கற்பனை இல்லை என்று குறைப்படுகிறதும் நாங்கள்தான். ஆகவே நீங்கள் புதிதாக எதையும் புகுத்தப் போகவேண்டாம். வாயில் இருக்கிறதைக் கொப்பிவரை கொண்டுவந்து சேர்த்தால் போதும்.

முதல் இரண்டு பாடவேளைக்குப் பேனையைத் தொடவே விடாதீர்கள். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக இருத்துங்கள். ஒருவர் மூன்று நிமிடம் தனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்பவர் "பிறகு?" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் பேசக்கூடாது. தலைப்புப் பெரிதாக வேண்டாம். நான் பேச்சு வாங்கின நாள், வீட்டுக்குள் வந்த ஒரு பிராணி, தொலைந்த சாமான், இவ்வளவு காணும். அப்புறம்தான் வேடிக்கை. கேட்டவர் எழும்பி அந்தக் கதையை வகுப்புக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் பக்கத்தில் இருந்து கேட்பார். இரண்டு வசனம் போகாது, துள்ளி எழும்புவார்: "அப்பிடி இல்லை ரீச்சர்! அம்மம்மா சும்மா நிக்கேல்லை, அகப்பையோட நிண்டவ!"

அந்த "அப்பிடி இல்லை" வருகிற இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அகப்பையை உடனே கரும்பலகையில் எழுதுங்கள். எது விடுபட்டால் பிள்ளைக்குப் பொறுக்கவில்லையோ, அங்கேதான் கதை இருக்கிறது. வர்ணனை, பாத்திரப் படைப்பு என்று அரை மணி நேரம் விளக்கினாலும் தலையில் ஏறாதது இந்த ஒரு கோபத்தில் ஏறிவிடும்.

ஒன்றை விரித்துச் சொல்கிறேன். வவுனியா வடக்கில் இருந்த காலம், தரம் 8. நாலு கிலோமீற்றர் காட்டு றோட்டால் சைக்கிளில் வருகிற ஒரு பெடியன் இப்படி எழுதித் தந்தான்:

"ஒரு நாள் நான் பாடசாலைக்குச் சென்றுகொண்டிருந்தேன். அப்பொழுது வழியில் ஒரு பெரிய யானை வந்தது. நான் மிகவும் பயந்தேன். பின்னர் யானை காட்டுக்குள் சென்றது. நான் மட்டற்ற மகிழ்ச்சி அடைந்தேன்."

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. பத்துக்கு ஆறு போட்டுவிட்டு அடுத்த கொப்பியை எடுத்திருக்கலாம். அன்றைக்கு என்னவோ, அவனைக் கூப்பிட்டுக் கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன்.

"யானையை முதல் எங்க கண்டனீ?"

"யானையைக் காணேல்லை சேர். முதல் பிண்டம்தான் கண்டனான்."

"எப்பிடி இருந்தது?"

"ஆவி பறந்தது சேர். அப்ப கிட்டத்தான் நிக்குது எண்டு தெரியும்தானே. திரும்புவம் எண்டு சைக்கிளைத் திருப்ப, செயின் கழண்டிட்டுது."

"பிறகு?"

"கை நடுங்கி நடுங்கிச் செயினைப் போட்டனான். எண்ணெய் வெள்ளைச் சேட்டில பட்டிட்டுது. அம்மா பேசப்போறா எண்டுதான் சேர் அப்ப யோசிச்சனான்."

யானை பக்கத்தில் நிற்கிறது, பிள்ளை அம்மாவின் பேச்சுக்குப் பயப்படுகிறான். இருந்து யோசித்து இப்படி ஒன்றை எழுத எனக்கு வராது. "இப்ப எனக்குச் சொன்னதை அப்பிடியே எழுது. ஆனா யானையைக் காட்டாதை" என்று அனுப்பினேன். அடுத்த நாள் வந்தது:

"றோட்டின் நடுவில் யானைப் பிண்டம் கிடந்தது. அதில் ஆவி பறந்தது. நான் சைக்கிளைத் திருப்பினேன். செயின் கழன்றுவிட்டது. குந்தியிருந்து செயினைப் போட்டேன். காட்டுக்குள் ஒரு தடி முறிந்தது. செயின் மறுபடி கழன்றது. என் வெள்ளைச் சேட்டில் கறுப்பு எண்ணெய் பட்டுவிட்டது. அம்மா நேற்றுத்தான் அதைத் தோய்த்தவர். இன்னொரு தடி முறிந்தது."

வகுப்பில் வாசித்தபோது ஒரு கதிரை அசையவில்லை. முடிந்ததும் பின்வரிசையில் ஒருத்தன், "யானை வந்ததோ இல்லையோடா?" என்று கத்தினான். எழுதினவன் சொன்னான்: "நான் ஓடிட்டன், எனக்கெப்பிடித் தெரியும்?"

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டாவதில் "பயந்தேன்" என்ற சொல் இல்லை, அந்த இடத்தில் கழன்ற செயின் இருக்கிறது. நான் செய்தது மூன்று கேள்வி கேட்டது மட்டும்தான். எங்கே, எப்படி இருந்தது, பிறகு. "உன் மனதில் என்ன உணர்ச்சி தோன்றியது?" என்று கேட்டிருந்தேன் என்றால் அந்த மட்டற்ற மகிழ்ச்சி திரும்பி வந்து குந்தியிருக்கும்.

தலைப்பும் பிள்ளையைக் கெடுக்கும். "மழைநாள்" என்று கொடுத்தால் கட்டுரைதான் வரும், அது கட்டுரைத் தலைப்பு. "குளம் வான் பாய்ந்த இரவு அப்பா வீட்டில் இல்லை" என்று கொடுங்கள். இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவு திறந்தால் கீழே என்ன ஆகும் என்று கிளிநொச்சிப் பிள்ளைக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. 2018 டிசெம்பர் வெள்ளத்தை வீட்டில் இன்றைக்கும் கதைப்பார்கள். தலைப்பிலேயே ஒரு ஆள் இல்லாமல் போனால், அந்த ஆளைத் தேடிக்கொண்டு கதை தானே நடக்கும்.

சரி, கதை இலக்கணம் ஒன்றும் படிப்பிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். படிப்பியுங்கள். ஆனால் தொடக்கம், வளர்ச்சி, உச்சம், முடிவு என்று கரும்பலகையில் மலைப் படம் கீறுகிற முறையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பிள்ளை மலையை அழகாகப் பார்த்துக் கீறும், கதை வராது. எங்கள் கையிலேயே இதைவிட நல்ல கருவி ஒன்று இருக்கிறது. தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் பாட்டுக்குச் சொன்ன முதல், கரு, உரி. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்தில் இருக்கிற மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில், தெய்வம். உரிப்பொருள் அங்கே நடக்கிற மனித உணர்வு. தரம் 7 பிள்ளைக்கு இந்தப் பெயர்களைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. எந்த இடம், எந்த நேரம், அங்கே என்னென்ன கிடக்கும் என்று கேளுங்கள். உணர்வைப் பற்றிக் கேட்காதீர்கள். முன் இரண்டும் சரியாக விழுந்தால் மூன்றாவது தானாக வந்து சேரும்.

வன்னியில் படிப்பிக்கிறவருக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. ஒரே வகுப்புக்குள் மூன்று திணை இருக்கும். காட்டு ஓரத்துப் பிள்ளை, குளத்துக்குக் கீழே வயல்காரப் பிள்ளை, கொக்கிளாய், நாயாறு மாதிரிக் கரையோரப் பிள்ளை. நான் ஒருமுறை மூவருக்கும் ஒரே சம்பவத்தைக் கொடுத்தேன்: இருட்டிவிட்டது, வீட்டு ஆள் இன்னும் வரவில்லை. கரையோரப் பெட்டை எழுதினாள், எல்லாருடைய போட்டும் வந்துவிட்டது, அம்மா வந்த போட்டுகளை எண்ணாத மாதிரி எண்ணிக்கொண்டு நின்றார் என்று. வயல்காரப் பிள்ளை, காவல் கொட்டிலில் எரிய வேண்டிய லாம்பு எரியவில்லை என்று தொடங்கினான். காட்டோரப் பிள்ளையின் கதையில் ஆள் வரவில்லை, நாய் மட்டும் திரும்பி வந்தது. இதற்கு மேல் பாடத்தில் நான் என்ன சொல்ல?

முல்லைத் திணைக்குப் பழம் இலக்கணம் வைத்த உரிப்பொருள் இருத்தல். கார்காலத்து மாலையில், போனவர் வரும்வரை வீட்டில் ஆற்றியிருப்பது. வகுப்பில் இதை விளக்கப் போக வேண்டாம். மாரி காலத்து மாலையில் யாரோ ஒருவருக்காகப் படலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு வீட்டை அறியாத பிள்ளை இந்த மண்ணில் இல்லை.

கருப்பொருளில்தான் அதிகம் தடுக்கி விழுவார்கள். ஒட்டுசுட்டானில் இருக்கிற பிள்ளையின் கதையில் ரோசாத் தோட்டம் எங்கிருந்து வந்தது? கதையில் வருகிற பிள்ளை ஏன் எப்போதும் அப்பிள் சாப்பிடுகிறது? பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்ட கதை ஒன்றும் இல்லையா? வீரைப்பழத்துக்கு மரமேறி விழுந்தவர் ஒருவரும் இல்லையா? திட்டாமல், சிரித்துக்கொண்டு கேளுங்கள். அடுத்த கிழமை தோட்டம் காணாமல் போய், சூடு அடிக்கிற மெசினின் தூசு வந்து நிற்கும்.

உரையாடலுக்கு வருவோம். இங்கே தனிச் சிக்கல் ஒன்று. கதைசொல்லும் வசனம் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பேச்சு பேச்சாக இருக்கட்டும் என்று சொன்னவுடன் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எழுதிக்கொண்டு வருவதைப் பார்த்தால் முள்ளியவளையில் கத்தரிக்காய் விற்கிற ஆச்சி, "என்னப்பா பண்றே, சீக்கிரம் வாடா கண்ணா" என்று சென்னைத் தமிழ் பேசுகிறா. தொலைக்காட்சி நாடகமும் யூடியூப்பும் செய்த வேலை. சிவப்புக் கோடு போடாதீர்கள். "உங்கட ஆச்சி இப்பிடியே கதைக்கிறவ?" என்று மட்டும் கேளுங்கள். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். பிறகு ஒரு வீட்டு வேலை: வீட்டில் ஒருவர் பேசின மூன்று வசனத்தைக் களவாகக் கேட்டு, கேட்டபடியே எழுதிக்கொண்டு வர வேண்டும். மூன்றே மூன்றுதான். ஒரு பெட்டை கொண்டுவந்த வசனம் இன்னும் நினைவிருக்கிறது. "தேத்தண்ணி ஆறுது, கோபம் ஆறின பிறகு குடியுங்கோ." அவளுடைய அம்மா அப்பாவுக்குச் சொன்னது. அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, இதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்டேன். 38 பேருக்கும் 38 கதை.

"ஆம்" என்ற இடைச்சொல்லையும் ஒருநாள் விளையாட்டாகக் காட்டுங்கள். "ஒரு ஊரில் ஒரு கிழவி இருந்தாளாம்" என்றால் கிழவி தூரத்தில் நிற்கிறாள். "கிழவி படலையைத் திறந்தாள்" என்றால் எங்கள் வளவுக்குள் வந்துவிட்டாள். ஒரே பந்தியை இரண்டு மாதிரியும் வாசிக்கச் சொன்னால் பிள்ளைகளே வித்தியாசம் சொல்வார்கள். அம்மம்மா கதைக்கு எது பொருந்தும், தன் கதைக்கு எது பொருந்தும் என்று காதாலேயே பிடித்துவிடுவார்கள்.

நடந்ததைச் சொல்லத் தெரிந்துவிட்டது, நடக்காததை எழுத வைப்பது எப்படி? அதற்கு நான் வைத்திருக்கிற சூத்திரம் இரண்டு சொல்தான்: வேணும், மறிக்குது. ஒருவருக்கு ஒன்று வேண்டும், இன்னொன்று மறிக்கிறது. ஊசி குத்தின பழைய செருப்பு ஒன்றை மேசையில் வைத்தேன், ஒற்றைச் செருப்பு. யாருடையது? வகுப்பு பேசிப் பேசி ஒரு பிள்ளையை உருவாக்கியது. அவளுக்கு என்ன வேண்டும்? வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போக வேண்டும். என்ன மறிக்கிறது? மற்றச் செருப்பை நாய் கொண்டுபோய்விட்டது. "வெறுங்காலோட போகலாம்தானே, கோயிலுக்குத்தானே" என்றான் ஒருத்தன். அருமையான இடையூறு! மறிப்பு உடைந்துவிட்டது. இன்னும் பெரிதாக ஒன்று வேண்டும். ஐந்து நிமிடம் சண்டை. கடைசியில் ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "செருப்பு அவளின்ரை இல்லை. அக்காவின்ரை. கேக்காமல் போட்டது." அவ்வளவுதான், கதை எழும்பி நின்றுவிட்டது.

பிறகு ஒரு தவணைக்கு இரண்டு தடை போடுங்கள். கனவில் முடியக்கூடாது, நீதியில் முடியக்கூடாது. "திடுக்கிட்டு விழித்தேன், எல்லாம் கனவு" என்பது மாட்டிக்கொண்ட பிள்ளை தப்பி ஓடுகிற வேலி ஓட்டை. "ஆகவே நாமும்" என்று தொடங்குகிற கடைசி வசனம் ரீச்சருக்குப் போடுகிற வணக்கம். இரண்டையும் அடைத்துவிட்டால் வேறு வழியின்றிக் கதைக்குள்ளேயே ஒரு முடிவைத் தேடுவார்கள். முதலில் திணறுவார்கள், விடுங்கள், திணறட்டும்.

வரலாற்றுக் கதை கேட்டால் கொஞ்சம் கவனம். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் என்றதும் அரசன் வாளை உருவி இரண்டு பக்கத்துக்கு முழக்கம் செய்வான், கதை நின்றுவிடும். நான் கற்சிலைமடுக் கல்லை எடுத்துக்கொள்வேன். 1803 ஒக்ரோபர் 31 இல் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் என்று ஆங்கிலேயர் பொறித்து வைத்த கல். வென்றவர் எழுதின கல் அது. அரசனை விடுங்கள், அந்தக் கல்லை வண்டியில் ஏற்றிவந்த மாட்டுக்காரனை எழுதுங்கள் என்று சொல்வேன். அவனுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியுமா? யாரிடமாவது கேட்டிருப்பானா? கேட்டுத் தெரிந்த பிறகு மாட்டை ஓட்டினானா, நிறுத்தினானா? தரம் 9க்கு இது நன்றாக வேலை செய்யும். தரம் 7க்கு இரண்டு மூன்று பேர்தான் பிடித்துக்கொள்வார்கள்.

திருத்துவதைப் பற்றி. 38 கொப்பியையும் சிவப்பால் குளிப்பாட்டினால் உங்களுக்கும் நித்திரை போகும், பிள்ளைக்கும் எழுதுகிற ஆசை போகும். முதல் வரைவில் எழுத்துப்பிழைக்குக் கை வைக்காதீர்கள். ஒரு இடத்தில் கோடு போட்டு "இதைக் கண்டேன்" என்று எழுதுங்கள், இன்னொரு இடத்தில் "பிறகு?" என்று எழுதுங்கள். இரண்டே குறிப்பு. லகர ளகர, ரகர றகரப் பிழையெல்லாம் இரண்டாவது வரைவில், சுவரில் ஒட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்ளலாம். சுவரில் கட்டாயம் ஒட்டுங்கள். அல்லது தவணைக்கு ஒரு கையெழுத்துச் சஞ்சிகை கட்டுங்கள், ஒரு பிரதி போதும். தன் கதையை வேறு வகுப்புப் பிள்ளை வாசிக்கப் போகிறது என்று தெரிந்தால் பிழையை அவர்களே தேடித் திருத்துவார்கள். வீட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள், போனில் இருந்து இறங்கி வரும். ஒரு பாடவேளைக்குள் அரைப் பக்கம் காணும். ஒன்பது பிள்ளை மட்டும் இருக்கிற சின்னப் பள்ளிக்கூடம் என்றால் இன்னும் நல்லது, ஒவ்வொருவரோடும் இருந்து கதைக்க நேரம் இருக்கும்.

இனி, கொஞ்சம் மெதுவாகப் போக வேண்டிய இடம். இப்போது உங்கள் முன் இருக்கிற பிள்ளைகள் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். யுத்தம் அவர்கள் கண்டதில்லை. ஆனால் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் உண்டு, மாலை போட மனம் வராமல் வைத்திருக்கிற படமும் உண்டு. "என் வாழ்வில் மறக்க முடியாத துயரம்" என்று ஒருநாளும் தலைப்புக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் காயத்தைக் கிளறி மொழிப்பாடம் நடத்த எங்களுக்கு உரிமை இல்லை. கேட்காமலே அது வந்தால், வரும், அதை வாசகராக வாசியுங்கள். அந்தக் கொப்பியில் சிவப்புப் பேனை படக்கூடாது. "வாசித்தேன். எனக்குக் காட்டினது நல்லது" என்று எழுதலாம். வகுப்பில் வாசிக்கலாமா என்று தனியாகக் கேளுங்கள். பிள்ளை தலையை ஆட்டத் தயங்கினால் வேண்டாம் என்றுதான் அர்த்தம். எழுதியிருப்பது பழைய துயரம் இல்லை, இப்போது வீட்டில் நடக்கிற அடி உதை, அல்லது அதைவிட மோசமான ஒன்று என்று பட்டால் அத்தோடு கதை வகுப்பு முடிந்தது. அதிபரிடமும் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடமும் அன்றைக்கே போங்கள். சிறுவர்களுக்கான உதவி இலக்கம் 1929, பிள்ளைகளுக்கும் அதைத் தெரியப்படுத்தி வையுங்கள்.

போட்டி பற்றியும் ஒரு சொல். தமிழ்மொழித் தினப் போட்டிக்குச் சிறுகதைக்கு ஆள் அனுப்பச் சொல்லி அதிபர் கேட்பார். பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படியாகப் போகிற போட்டி. அனுப்புங்கள், பிள்ளைக்கு வெளியூர் பார்த்த மாதிரியும் இருக்கும். ஆனால் நடுவர்களுக்குக் கண்ணீர் பிடிக்கும் என்று ஒரு பேச்சு ஆசிரியர்களிடம் உண்டு. அதனால் தாய் சாகிற கதையாகப் பார்த்துப் பயிற்றுகிறார்கள். நானும் அந்தப் பாவத்தில் பங்காளி. பல வருடத்துக்கு முன் ஒரு பிள்ளை, இறந்துபோன தன் ஆட்டுக்குட்டியைப் பற்றி நல்ல கதை ஒன்று எழுதினாள். பயிற்சி என்ற பெயரில் நான் ஆட்டுக்குட்டியை ஆச்சியாக்கினேன், ஒரு புயலைச் சேர்த்தேன், கடைசிப் பந்தியை முழுதாக என் கையால் எழுதிக் கொடுத்துப் பாடமாக்க வைத்தேன். வலயத்தில் முதலிடம். சான்றிதழைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "சேர், இது உங்கட." கோபமாகச் சொல்லவில்லை. புத்தகம் திருப்பித் தருகிற மாதிரிச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் எனக்குக் கதை எழுதித் தரவே இல்லை.

கடைசியாக, வெறும் கொப்பியை நீட்டுகிற அந்த இரண்டு மூன்று பேர். அவர்களில் ஒருவருக்கு எழுத்துக் கூட்டுவதே சிரமமாக இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். மற்றவர்களுக்கு நான் செய்வது இது. பக்கத்தில் இருத்தி, நீ சொல்லு, நான் எழுதுகிறேன் என்று பேனையை நானே எடுத்துக்கொள்வேன். மாங்குளம் பக்கத்துப் பெடியன் ஒருத்தன், வாயே திறக்காதவன், லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின் சேற்றில் புதைந்த கதையைச் சொன்னான். தகப்பன், சிற்றப்பன், பக்கத்து வயல்காரன் எல்லாரும் தள்ளுகிறார்கள், மெசின் உறுமிக்கொண்டு இன்னும் கீழே போகிறது, இவன் வரம்பில் நின்று ரோச் அடிக்கிறான். சொன்னபடியே எழுதி, கொப்பியை அவனிடம் கொடுத்து, வீட்டில் வாசித்துப் பார் என்றேன். அடுத்த நாள் கொண்டுவந்தான். பக்கம் முழுக்க என் கையெழுத்து. ஒரு இடத்தில் மட்டும் நான் பழக்கதோசத்தில் "மெசின் சேற்றுக்குள் சென்றது" என்று எழுதியிருக்கிறேன். "சென்றது" என்பதைப் பென்சிலால் வெட்டிவிட்டு, மேலே பெரிய எழுத்தில் "தாண்டது" என்று எழுதியிருந்தான்.